எப்போது காலை ஊன்றலாம்?



மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து ஒரே பேச்சைக் கேட்பது நம் ஊரில் அடிக்கடி நடப்பதில்லை. இந்த அறக்கட்டளையை நிறுவியவர்கள் இரு துறைக்கும் பொதுவான ஒரு பொருளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அதனால் உடைந்த எலும்புக்குள் நாங்கள் வைக்கும் உலோகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் எலும்பு மருத்துவன். இயந்திரவியல் கணக்கில் எங்காவது தடுக்கி விழுந்தால் முன்வரிசைப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

எலும்பு முறிவுப் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். "எலும்பு கூடிருச்சா சார்? எப்பக் காலை ஊனலாம்?" லோடுமேன், கொத்தனார், கல்லூரி மாணவர், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா என்று எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். முறிந்த இடத்தை அமுக்கி "வலிக்குதா?" என்போம். பிறகு, "இன்னும் ஆறு வாரம் போகட்டும்" என்போம். ஏன் ஆறு வாரம்? ஐந்து ஏன் ஆகாது, எட்டு ஏன் ஆகாது? எங்கள் ஆசிரியர்கள் அப்படிச் சொன்னார்கள், நாங்களும் சொல்கிறோம். எக்ஸ்ரே காட்டுவது சுண்ணாம்புச் சத்து எங்கே படிந்திருக்கிறது என்பதைத்தான். அந்த எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று அது சொல்லாது. பிளேட் வைத்திருந்தால் முறிந்த இடத்தின் ஒரு பகுதியை அந்த பிளேட்டே மறைத்துவிடும். ஒரே படத்தை இரண்டு மருத்துவர்களிடம் காட்டினால் ஒருவர் கூடிவிட்டது என்பார், மற்றவர் இன்னும் இல்லை என்பார்.

சீக்கிரம் ஊன்றச் சொன்னால் ராடு வளையும், ஸ்க்ரூ உடையும், எலும்பு மறுபடி முறியும். தாமதமாகச் சொன்னால் தசை சூம்பும், மூட்டு இறுகும், தினக்கூலி போகும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு சரியான நாள் இருக்கிறது. உலோகமே அந்த நாளைச் சொல்லுமா, அதுவரை எலும்புக்கு வேண்டியதை வேண்டிய அளவில் கொடுக்குமா என்பதே இன்றைய பேச்சு.

முதலில் எலும்பு எப்படிக் கூடுகிறது என்பதைப் பார்ப்போம். முறிந்தவுடன் அங்கே ரத்தம் கட்டுகிறது. சில நாளில் அது இளந்திசுவாக மாறுகிறது. பிறகு நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு மென்மையான கட்டு சுற்றிலும் வளர்கிறது. இதைத்தான் நாங்கள் கேலஸ் என்கிறோம். அதில் சுண்ணாம்பு ஏறி எலும்பாகிறது. பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், வேண்டாத புடைப்பைக் கரைத்து எலும்பு தன் பழைய வடிவுக்குத் திரும்பும். கட்டடத்தில் கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் நிற்பதுபோல, இது முடியும்வரை எங்கள் பிளேட்டும் ராடும் நிற்கின்றன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கான்கிரீட்டை அசைக்காமல் விட்டால்தான் அது நன்றாக இறுகும். எலும்பு அப்படியல்ல. சிறிதும் அசையாத எலும்புக்கு, கேலஸ் கட்ட வேண்டும் என்ற தகவலே போய்ச் சேராது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் துறைக்கு ஒரு நூற்றாண்டு ஆனது. பாரம் எந்தத் திசையில் வருகிறதோ அதற்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று பெர்லினில் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதிவிட்டார். ஆனால் முறிந்த எலும்பை என்ன செய்வது என்பதில் ஊசல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் தொடையெலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் ஒரு எஃகு ராடைச் செலுத்தினார். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டவர்கள் வீடு திரும்பியபோது, அவர்கள் தொடைக்குள் இருந்த நீளமான உலோகத்தை எக்ஸ்ரேயில் பார்த்த நேச நாட்டு மருத்துவர்கள் திகைத்தார்கள். அந்த ராடு கொஞ்சம் அசையும், அதனால் கேலஸ் வளரும்.

பெல்ஜியத்தில் ராபர்ட் டானிஸ் 1949-இல் இதற்கு நேர் எதிரானதைச் சொன்னார். இரு முனைகளையும் இறுக அழுத்திப் பூட்டினால் கேலஸ் இல்லாமலே எலும்பு நேரடியாகக் கூடும் என்றார். அவரைப் பின்பற்றி, சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் 1958-இல் மாரிஸ் முல்லரும் நண்பர்களும் ஏ.ஓ. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க நாங்கள் பயன்படுத்தும் பிளேட், ஸ்க்ரூ, கருவிப்பெட்டி பலவற்றுக்கும் தாய்வீடு அதுதான். மாவுக்கட்டில் மாதக்கணக்கில் கிடந்து மூட்டு முடங்கிப்போன ஒரு தலைமுறைக்கு அது விடுதலை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இறுக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் எஃகுக்கு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், டைட்டேனியக் கலவைக்கு 110 அளவில், கெட்டியான எலும்புக்கோ 20 அளவில்தான். விறைப்பான பிளேட் பாரத்தைத் தானே சுமந்துவிடும், கீழே உள்ள எலும்புக்கு வேலை இருக்காது. வேலையில்லாத எலும்பு மெலியும்.

அதே காலத்தில் வேறு இடங்களில் வேறு பாதைகள். சைபீரியாவின் குர்கானில் இலிசரோவ் வளையங்களும் கம்பிகளும் கொண்டு வெளியிலிருந்தே எலும்பைப் பிடித்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நான்கு தவணையாக, இழுத்து நீட்டிக்கொண்டிருந்தார். மயாமியில் சார்மியன்டோ 1967-இல், முழங்காலுக்குக் கீழே மட்டும் மாவுக்கட்டுப் போட்டு நோயாளிகளை நடக்கவிட்டதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுக்குள் எலும்பு கொஞ்சம் அசையத்தான் செய்யும். ஆனாலும் கூடியது. நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டுக்குப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று என் இளம் மருத்துவர்கள் எரிச்சலோடு கேட்பார்கள். மூங்கில் பத்தையால் கட்டியும் பல முறிவுகள் கூடிவிடுவதற்கு ஒரு காரணம் இந்தச் சிறு அசைவு. கோணலாகக் கூடுவதும், கட்டு இறுகி ரத்தோட்டம் நின்றுபோய் எங்களிடம் வருவதும் தனிக்கதை.

எவ்வளவு அசைவு நல்லது? இதற்கு எண்களில் பதில் சொல்ல முயன்றவர் சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபன் பெரன். முறிவு இடைவெளியின் நீளத்தில் எத்தனை சதவீதம் அசைவு என்பதே அவருடைய அளவுகோல். பொறியாளர்கள் இதைத் திரிபு என்பீர்கள். இரண்டு சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் எலும்புத் திசு தாங்கும். பத்து சதவீதம்வரை குருத்தெலும்பு தாங்கும். ஆரம்பகால இளந்திசுவோ தன் நீளத்துக்கு இருமடங்கு இழுத்தாலும் அறுந்துவிடாது. எனவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்றால், 0.02 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் அங்கே எலும்பு உருவாகாது. ஒவ்வொரு திசுவும் கொஞ்சம் விறைப்பைக் கூட்டி, அசைவைக் குறைத்து, அடுத்த திசுவுக்கு இடம் ஒழித்துத் தருகிறது. முதல் வாரத்தில் எலும்புக்குத் தேவைப்படும் அசைவு வேறு, பன்னிரண்டாம் வாரத்தில் தேவைப்படுவது வேறு. ஆனால் நாங்கள் அறுவை அறையில் வைக்கும் பிளேட்டின் விறைப்பு முதல் நாளிலும் அதேதான், கடைசி நாளிலும் அதேதான்.

1985-இல் இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் இருவரும் செம்மறியாடுகளில் ஒரு சோதனை செய்தார்கள். கால் எலும்பில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, தோலுக்கு வெளியே நிற்கும் சட்டத்தால், அதாவது வெளிச்சட்டத்தால், பிடித்தார்கள். சில ஆடுகளுக்கு அப்படியே விட்டார்கள். சிலவற்றுக்கு அந்தச் சட்டத்தின் வழியாக ஒரு மில்லிமீட்டர் அசைவை நாளொன்றுக்கு ஐந்நூறு தடவை கொடுத்தார்கள். இரண்டு நொடிக்கு ஒரு தடவை, மொத்தம் பதினேழு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அமைதி. அசைவு பெற்ற ஆடுகளின் எலும்பு விரைவாக, வலுவாகக் கூடியது. இந்தப் பதினேழு நிமிடம்தான் எனக்கு வியப்பு. எலும்புச் செல்களுக்கு நாள் முழுக்க ஆட்டம் தேவையில்லை. சின்னதாக ஒரு தகவல் வந்தால் போதும், கட்ட ஆரம்பித்துவிடுகின்றன.

அப்படியானால், அந்த அசைவைத் தானே தரக்கூடிய, பிறகு தானே விறைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பிளேட்டைச் செய்ய முடியுமா? ஜெர்மனியின் சார்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் செய்ய முயல்கிறார்கள். ஹோம்பர்க்கில் மருத்துவமனை, சார்ப்ருக்கனில் பொறியியல் கூடம். விபத்து அறுவைப் பேராசிரியர் டிம் போலமன், பெர்கிட்டா கான்ஸ், பால் மோட்ஸ்கி ஆகியோர் இதில் முன்னிற்பவர்கள். வெர்னர் சீமன்ஸ் அறக்கட்டளை இதற்கு எண்பது லட்சம் யூரோ கொடுத்திருக்கிறது. (அறக்கட்டளைச் சொற்பொழிவில் இன்னொரு அறக்கட்டளையைப் புகழ்வது முறையா என்று தெரியவில்லை. என்றாலும் சொல்லிவிட்டேன்.)

அவர்கள் நம்பியிருப்பது நிட்டினால் என்ற உலோகக்கலவையை. நிக்கலும் டைட்டேனியமும் ஏறக்குறையச் சம அளவில் கலந்தது. மேரிலாந்தில் இருந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ப்யூலர் ஏவுகணை மூக்குக்காகச் செய்துகொண்டிருந்த கலவை அது. 1961-இல் ஒரு கூட்டத்தில், பலமுறை மடித்த ஒரு தகட்டைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைப் பிடிக்கும் பழக்கமுள்ள ஓர் அதிகாரி தன் லைட்டரை அதன் கீழே காட்டினார். மடிப்பெல்லாம் விரிந்து தகடு நேரானது. சூடாக்கினால் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இந்தக் குணத்தை வடிவ நினைவு என்கிறோம். இழுத்துவைத்த மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் சூடேறிச் சுருங்கும். நிறுத்தினால் ஆறி நீளும். அதாவது மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை, கம்பியே தசை.

சார்ப்ருக்கன் பொறியாளர்களின் சாமர்த்தியம் இரண்டு இடங்களில் தெரிகிறது. ஒற்றைத் தடிமனான கம்பிக்குப் பதிலாகத் தலைமயிரளவு மெல்லிய கம்பிகளைக் கற்றையாக வைக்கிறார்கள். பரப்பு அதிகம் என்பதால் சூடு சீக்கிரம் இறங்கும், அசைவு விரைவாக மாறிமாறி வரும். இரண்டாவது இன்னும் அழகானது. கம்பி சுருங்கும்போது அதன் மின்தடை மாறுகிறது. அந்தத் தடையை அளந்தாலே கம்பி எவ்வளவு நீளத்தில் இருக்கிறது, எதிரே எவ்வளவு பாரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தனியாக ஒரு உணரி வேண்டாம். தசையும் நரம்பும் ஒரே கம்பி. முறிந்த இடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவைக் கொடுப்பது, தேவைப்பட்டால் பிளேட்டை விறைக்கவைப்பது, கூடவே இடைவெளியில் விறைப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்வது, மூன்றையும் ஒரே கருவி செய்ய வேண்டும் என்பது திட்டம். மின்சாரம் கம்பியில்லாமல் தோலுக்கு வெளியிலிருந்து வரும், கட்டுப்பாடு செல்பேசியில்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது சூடு. எலும்பை 47 டிகிரியில் ஒரு நிமிடம் வைத்திருந்தாலே அதன் செல்கள் சேதப்படுகின்றன என்று ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983-இல் முயல்களில் காட்டினார்கள். எலும்பில் துளை போடும்போது நாங்கள் உப்பு நீர் ஊற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். கடையில் கிடைக்கும் நிட்டினால் இயக்கிக் கம்பிகள் 70, 90 டிகிரி அளவில் சுருங்குபவை. கம்பி எவ்வளவு மெல்லியதானாலும், அதை உறைக்குள் அடைத்து, அந்தச் சூடு எலும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.   மேலும் நிக்கல் ஒவ்வாதவர்கள் உண்டு.

இரண்டாவது சந்தேகம் இதைவிட ஆழமானது. கருவிக்கு என்ன கட்டளை கொடுப்பது? எந்த வாரத்தில் எவ்வளவு அசைவு, எப்போது நிறுத்துவது? எங்கள் பழைய பழக்கம், முதலில் இறுக்கிவைத்து, சில வாரம் கழித்து ராடின் ஒரு பூட்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாரத்தை எலும்புக்குக் கொடுப்பது. ஆனால் எலிகளில் நடந்த சோதனைகளில் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். முதலில் தளர்வாகவும், கேலஸ் வந்தபிறகு இறுக்கமாகவும் வைத்தபோது பெரிய இடைவெளிகள் நன்றாக நிரம்பின. பெரனின் கணக்கும் அதற்கே சாதகம். ஆனால் எலியின் எலும்பு மனிதனுடையதைவிட வேகமாகக் கூடும். எழுபது வயதுச் சர்க்கரை நோயாளிக்கும், பீடி பிடிக்கும் நாற்பது வயதுக்காரருக்கும், பதினெட்டு வயது மாணவனுக்கும் அட்டவணை ஒன்றாக இருக்க முடியாது. இன்று பொறியியல் உயிரியலைவிட முன்னே ஓடிவிட்டது. கருவி தயாராகிவிடும், அதற்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் இன்னும் தயாரில்லை.

எலும்பைத் தூண்டும் கருவிகளின் வரலாறும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. மெல்லிய அல்ட்ராசவுண்டு அலையை நாள்தோறும் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று ஒரு கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1994-இல் அனுமதி அளித்தது. இருபது ஆண்டுக்கு மேல் அது விற்றது. 2016-இல் 501 நோயாளிகளிடம் நடத்திய பெரிய சோதனையில், கால் எலும்பில் ராடு வைத்தவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தது. உண்மைக் கருவியோ போலிக் கருவியோ, முடிவு ஒன்றுதான். நாளைக்கு அசையும் பிளேட்டை விற்க வருகிறவரிடம் நான் முதலில் கேட்கப்போவது, போலி பிளேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்பதுதான்.

எலும்புக்கு என்ன வேண்டும் என்று நாம் இன்னும் கேட்கவே இல்லை. அதனால் அசைக்கும் உலோகத்தைவிடக் கேட்கும் உலோகமே முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து. கேட்பதற்கு ஒரு நல்ல மரபு ஏற்கெனவே இருக்கிறது. பெர்லினில் ஜார்ஜ் பெர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள் அளவிகளை வைத்து, தோலுக்கு வெளியே ஒரு சுருள் கட்டி அதற்கு மின்சாரம் கொடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பல ஆண்டு கவனித்தார்கள். சாதாரணமாக நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல இரண்டரை, மூன்று மடங்கு விசை. ஒரு நோயாளி தடுக்கித் தடுமாறியபோது எட்டு மடங்கைத் தாண்டியது. விழவில்லை, தடுமாறினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு "பார்த்து நடங்க" என்று நாங்கள் சொல்வதற்கு ஒரு எண் கிடைத்தது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜிம்மர் பயோமெட்டின் பெர்சோனா ஐ.க்யூ. செயற்கை முழங்கால், நடை எண்ணிக்கையையும் மூட்டு மடங்கும் அளவையும் அனுப்புகிறது. அது எலும்பு கூடுவதைக் கேட்கும் கருவி அல்ல. ஆனால் உடலுக்குள்ளிருந்து தொடர்ந்து தகவல் எடுக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. டாவோஸ் நகரில் ஏ.ஓ. ஆய்வு நிலையம், பிளேட்டின்மேல் பொருத்தும் சிறு அளவியை உருவாக்கியிருக்கிறது. அதன் கணக்கு எளிது. எலும்பு கூடக்கூட பிளேட் சுமக்கும் பங்கு குறையும். அந்தக் குறைவை நாள்தோறும் குறித்தால் கூடுகிறதா இல்லையா என்று எக்ஸ்ரேக்கு முன்பே தெரியும். கூடாமல் நின்றுபோகும் முறிவுதான் எங்களை அதிகம் வாட்டுவது. அதை ஆறாம் மாதத்தில் கண்டுபிடிப்பதற்குப் பதில் இரண்டாம் மாதத்திலேயே கண்டுபிடித்தால் அறுவையும் எளிது, நோயாளியின் செலவும் குறைவு.

இப்படி அளப்பதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு, உடலுக்குள் சில்லு எதுவும் வைக்காமலேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. 1994-இல் ரிச்சர்ட்சனும் கென்ரைட்டும் அவர்களுடைய குழுவினரும் இங்கிலாந்தில் வெளியிட்டது. கால் எலும்பு முறிந்து வெளிச்சட்டம் போட்ட நோயாளிகளை இரண்டு பிரிவாக எடுத்துக்கொண்டார்கள். 117 பேருக்கு மருத்துவர் கண்ணால் பார்த்து, கையால் அமுக்கி, சட்டத்தை எப்போது கழற்றலாம் என்று முடிவு செய்தார். 95 பேருக்கு விறைப்பை அளந்தார்கள். காலை ஒரு டிகிரி வளைக்க 15 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை தேவைப்பட்டால் சட்டத்தைக் கழற்றலாம் என்று விதி வைத்தார்கள். முதல் பிரிவில் எட்டுப் பேருக்கு எலும்பு மறுபடி முறிந்தது. அளந்த பிரிவில் ஒருவருக்கும் முறியவில்லை. அதோடு, அளந்தவர்கள் முன்னதாகவே துணையின்றி நடந்தார்கள். விரைவும் பாதுகாப்பும் சேர்ந்து வருவது மருத்துவத்தில் அபூர்வம்.

இப்படி அளக்கும் கருவி நம் நோயாளிக்கு எட்டுமா? நம் மாநிலத்தில் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. உயிர் காக்கும் நல்ல திட்டம். ஆனால் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவரின் எலும்புக் கணக்கு அந்த 48 மணி நேரம் முடிந்தபிறகுதான் தொடங்குகிறது. அது இருபது வாரம் ஓடும். அந்த இருபது வாரத்தில் அவர் மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவருக்கும் ஒரு நாள் கூலி. உள்ளே சில்லு வைத்த பிளேட் அவர்களுக்கு எட்டும் விலைக்கு வர நெடுநாள் ஆகும். வந்தாலும், அந்தத் தகவல் யாருக்குச் சொந்தம், காப்பீட்டு நிறுவனம் "உங்கள் எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம்" என்று நோயாளிக்கு முன்பே தெரிந்துகொள்ளுமா என்ற கேள்வியெல்லாம் வரிசையில் நிற்கும்.

ஆனால் அளப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தோலும் கிழிந்த திறந்த முறிவுக்கு நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் வெளிச்சட்டம் போடுகிறோம். எலும்பில் செருகிய ஊசிகள் தோலுக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சட்டத்தைச் சற்றே கழற்றி, அந்த ஊசிகளில் ஒரு கோணமானியைப் பொருத்தி, அளவான விசை கொடுத்து, எத்தனை டிகிரி வளைகிறது என்று பார்த்தால் போதும். 1994 ஆய்வில் ரிச்சர்ட்சன் குழுவினர் செய்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்று ஒரு செல்பேசிக்குள் இருக்கும் கோண உணரியே அதைவிட நுட்பமானது, கூட வேண்டியது ஒரு எடை உணரி. ஊசி வளைவதையும் எலும்பு வளைவதையும் எப்படிப் பிரித்தறிவது, நோயாளி வலியால் காலை இறுக்கினால் அளவு எவ்வளவு மாறும், இரண்டு செவிலியர் அளந்தால் ஒரே எண் வருமா என்பவை இயந்திரவியல் இறுதியாண்டு மாணவருக்குப் பொருத்தமான கேள்விகள். புறநோயாளிப் பிரிவில் திங்கள், வியாழன் காலைகளில் எங்களிடம் சட்டம் போட்ட நோயாளிகள் வருகிறார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கருவியைச் செய்து தர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் வந்து பெயர் கொடுக்கலாம்.